மூக்கிரட்டைச் சாறு

பிப்ரவரி 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் விடுதி அறையில் கூட இருக்கும் அந்தச் சிரிப்புக்காரிக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை எல்லாம் ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே. சிரிக்காதே அக்கா. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

பழைய சாமான் அறையில் போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது என் படுக்கை இங்கேதான். சித்தி, நம் நெருஞ்சி, என்னை இங்கே தள்ளிவிட்டாள். "பெரிய பொண்ணு, தனியாப் படு" என்று அப்பாவிடம் இனிக்க இனிக்கச் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டார். ஜன்னலை மூடவும் விடமாட்டாள். நான் மூடினால் வந்து திறந்துவிட்டுப் போகிறாள். குளிரில் விறைக்கட்டும் என்றுதானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. கேட்டால், "பேக்கரி சூளைப் புகை, வேற ஒண்ணும் இல்ல" என்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது. போன வாரம் இருமி முடித்துவிட்டு, "உங்க அம்மா இருந்திருந்தா ரெண்டு இலையப் பறிச்சு அரைச்சுக் குடுத்திருப்பா. இந்நேரம் இருமல் ஓடியே போயிருக்கும்" என்றார். சித்தி காதில் விழும்படிதான் சொன்னார்.  மறுநாள் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போனாள்.

ராத்திரி சின்ன உரலில் இடித்துத் துணியில் வடிகட்டினாள். எட்டிப் பார்த்தேன். அது இருமலுக்கு அம்மா கொடுக்கும் ஆடாதோடையே இல்லை அக்கா! தரையோடு படர்கிற செடி, சிவப்புத் தண்டு, கணுவுக்கு இரண்டு இலை, ஒன்று பெரியது ஒன்று சிறியது. மூக்கிரட்டை. அம்மாவுக்குக் கால் வீங்கியபோது நாம் பறித்துக்கொண்டு வருவோமே, அதேதான். "சித்தி, இது இருமலுக்கு இல்லையே" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ போய்ப் படி."

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில மாத்திரைகளை எடுத்தாள். காகிதத்துக்குள் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கினாள். செங்கல் நிறத்தில் பொடி. அதைச் சாற்றில் கலந்து, டம்ளரைத் தட்டால் மூடி, ஜன்னலோரம் வைத்தாள். அப்பா விடியுமுன் வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றில் அதைத்தான் குடித்துவிட்டுப் போகிறார்.

இன்று காலை குளியலறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "இங்க பாரு, ஒண்ணுக்குச் செவப்பாப் போகுது! ரத்தமா என்னது?"

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் செடித் தண்டப் பாத்தீங்களா, எப்படிச் செவந்திருக்குன்னு? அந்தச் சாயந்தான் இறங்குது" என்றாள் அவள்.

அப்பா சிரித்தார். "நீ சாயப்பட்டறை வச்சிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா மாதக்கணக்கில் மூக்கிரட்டை குடித்தாள். ஒரு நாளும் சிவப்பாகப் போனதில்லை.

நான் என்ன செய்யட்டும்? பதிலைப் பள்ளிக்கூட வாசல் பேனாக்கடை அத்தை விலாசத்துக்கே போடு. வீட்டுக்குப் போடாதே.

உன்
தொட்டாச்சிணுங்கி


பிப்ரவரி 8

என் செல்லத் தொட்டாச்சிணுங்கிக்கு,

கடிதத்தைத் தேய்ப்புக் கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். ஓட்டல் படுக்கை விரிப்பு ஒன்று என் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் பழுப்பாகிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மாள் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. போகட்டும். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மூன்று தொட்டிகளில் போட்டேன், போதுமா?

நீ பயந்தது சரிதான். அந்த அம்மாள் நம் வீட்டுக்கு வருமுன் எங்கே வேலை பார்த்தாள்? ஆஸ்பத்திரியில். வார்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே கிடந்தவளுக்கு எந்த மாத்திரை ஆளைத் தூக்கி நிறுத்தும், எது கவிழ்க்கும் என்று தெரியாதா? அம்மா போய் எட்டே மாதத்தில் அவளைக் கூட்டிவந்தபோதே நான் சொன்னேன். அப்பா என்ன பதில் சொன்னார் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் நான் இங்கே ஊரார் விரிப்பைத் தேய்க்கிறேன். அவரிடம் போய்ச் சொல்லாதே. நம்பமாட்டார். உன்னையும் என்னைப் போல ஆக்கிவிடுவார்.

நான் சொல்கிறபடி செய். வாய்க்கால் பாலத்துக்கு இடப்பக்கம் ஆடாதோடைப் புதர் இருக்கிறது. ஆள் உயரம், மாவிலை மாதிரி நீண்ட இலை, வெள்ளைப் பூ. கசக்கினால் ஒரு நாற்றம் வரும், ஆடு கூடத் திரும்பிப் பார்க்காது. முற்றல் இலையை விட்டுவிட்டு நடுத்தர இலையாகப் பறி. பக்கத்தில் தும்பை இருந்தால் அதை விடு, அது ஜலதோஷத்துக்கு. குப்பைமேனியைத் தொடாதே, அது சொறி சிரங்குக்கு. அம்மா நம்மை நடக்கவிட்டுக் கேட்பாளே, "இது என்ன? எதுக்கு?" என்று. தப்பாகச் சொன்னால் அந்தச் செடியின் பெயரே அன்றைக்கு நம் பெயர். அப்படி வந்த பெயர்களில் குணத்துக்குப் பொருந்தியது மட்டும் ஒட்டிக்கொண்டது: கண்டவர் துணியை எல்லாம் பிடித்துக்கொண்டு விடாத நான் நாயுருவி ஆனேன், சும்மா சும்மா அழுத நீ தொட்டாச்சிணுங்கி ஆனாய். நெருஞ்சிக்கும் மருந்துக் குணம் உண்டு என்பாள் அம்மா. நாம் அந்தப் பெயர் வைத்த ஆளிடம் அப்படி ஒரு குணத்தையும் நான் பார்க்கவில்லை.

அவள் தூங்கியதும் டம்ளரைக் கொட்டிவிடு. சாக்கடையில் கொட்டு, செடியில் கொட்டாதே, பாவம். உன் சாற்றை அதே அளவு ஊற்றி மூடிவை. இரண்டும் கசப்பு, அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பு நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம், அவள் கொடுத்தது விஷம். உடனே எழுது.

சாப்பிடாமல் இருக்காதே. அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். சும்மா கேட்டேன்.

உன்
நாயுருவி


பிப்ரவரி 16, இரவு

அன்புள்ள அக்கா,

செய்துவிட்டேன். தினமும் செய்கிறேன். யாருக்கும் காட்டாதே என்று மறுபடியும் சொல்லவேண்டியதில்லை அல்லவா?

பள்ளி விட்டதும் புதருக்குப் போனேன். கூட வந்த தோழிகள், "என்னடி, வீட்ல மாடு வாங்கிட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள். ஆமாம், ரெண்டு மாடு என்றேன். இலையைக் கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, சாமான் அறையில் பழைய பூட்டால் இடித்து, என் தாவணியில் பிழிகிறேன். ராத்திரி சமையலறைக்குப் போகும் அந்தப் பத்தடியை, எந்தப் பாத்திரமும் காலில் தட்டிவிடக் கூடாதே என்று சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன்.

அக்கா, சிவப்பு நின்றுவிட்டது! மூன்றாம் நாளே நின்றுவிட்டது. "உன் சாயம் வெளுத்துப் போச்சே" என்று அப்பா அவளைக் கிண்டல் செய்தார். இருமலும் கொஞ்சம் இளகியிருக்கிறது. "இப்பதான் அவ குடுக்குற மருந்து மாதிரியே இருக்கு" என்றார். அம்மாவைச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. அப்பா வெளியே வந்ததும் குளியலறைக்குள் போய் நின்று பார்க்கிறாள். சாற்றை இன்னும் கெட்டியாக அரைக்கிறாள். நேற்று என்னை நிறுத்தி, "அந்த டம்ளரத் தொட்டியா?" என்றாள்.

"இல்ல."

"பூனை ஏதாச்சும் உருட்டுச்சா?"

"பூனை கசப்பெல்லாம் குடிக்காது சித்தி."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். விரலைத்தான் பார்த்திருக்கிறாள். பூட்டால் இடிக்கும்போது நகத்தடியில் நன்றாகக் கிழிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "உங்க அம்மா இதுக்கு என்ன வைப்பாங்க?" என்று கேட்டாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, வெட்டுக்காயப் பூண்டு என்று. எந்தச் செடி என்றாள். "தாத்தாப்பூ. நாங்க தலைய சுண்டி விளையாடுவோமே, மஞ்சள் நடு, சுத்தி வெள்ளை" என்றேன். அம்மா அதையே கிணற்றடிப் பூண்டு என்பாள் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. போய், சரியான செடியையே பறித்துக்கொண்டு வந்து கசக்கிக் கட்டினாள்.

அதிலிருந்துதான் எனக்கு இன்னும் பயம். ஒரு தரம் சொன்னதும் சரியான செடியைக் கண்டுபிடிக்கிறவள், ஆடாதோடையை மட்டும் எப்படித் தப்பாகப் பறிப்பாள்? தெரிந்தேதான் வேறு செடியை அரைக்கிறாள்.

நீ வா அக்கா. எனக்கு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

உன்
தொட்டாச்சிணுங்கி

பின்குறிப்பு: அப்பா உன்னைக் கேட்கவில்லை. ஆனால் உன் பழைய செருப்பை வாசலிலிருந்து எடுக்கவும் விடவில்லை.


பிப்ரவரி 20

செல்லமே,

நான் சொன்னேனா இல்லையா? சிவப்பு நின்றது, இருமல் குறைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மாளின் தம்பிக்குக் காவல் நிலையத்தில் ஆள் தெரியும். அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ ஒரே ஒரு காரியம் செய். அந்த மாத்திரையில் ஒன்றை எப்படியாவது எடுத்துவை. முந்தானையில் முடிந்திருக்கிறாள் என்றால் அட்டை எங்கேயாவது இருக்கும். அதை வைத்துக்கொண்டு தெருவே பார்க்க அவளைப் பெட்டியோடு வெளியே நிறுத்துகிறேனா இல்லையா பார்.

அழாதே. சனிக்கிழமையோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கியிருக்கிறேன். தொங்குகிறது என்று எழுதியிருந்தாயே, ஒரு அளவு குறைத்தே வாங்கினேன். வாங்கிக்கொள்வாரா?

உன்
நாயுருவி


பிப்ரவரி 23, வியாழன் இரவு

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை அந்த ஆளோடு வராதே. காலையில் பேனாக்கடை அத்தையிடம் இதைக் கொடுத்து, தேய்ப்புக் கூடம் பக்கம் போகும் முதல் பேருந்திலேயே கொடுத்தனுப்பச் சொல்லப் போகிறேன். நீ கிளம்புமுன் கிடைத்துவிடவேண்டும்.

திங்கட்கிழமையே இருமல் திரும்பிவிட்டது. காய்ச்சலும் வந்தது. நேற்று அப்பா இருமியபோது கைக்குட்டையை வேகமாகச் சுருட்டிப் பையில் போட்டார். அதை நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "வெத்தில போட்டேன்" என்றார். அப்பா எப்போது வெற்றிலை போட்டார்? அது ரத்தம் அக்கா. சாயம் இல்லை.

நீ சொன்னபடி மாத்திரைக்காகத்தான் இன்று சித்தி பின்னாலேயே போனேன். பள்ளிக்குப் போகவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசையில் நின்றாள். நான் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் நின்றேன். பேச்சு எல்லாம் கேட்டது. எனக்குக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மருந்து கொடுக்கிற அம்மா கேட்டார், "ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"முன்ன செவப்பாப் போச்சு. இப்ப சாதாரணமாப் போகுதும்மா. அதான் பயமா இருக்கு."

"அப்ப மாத்திரை உள்ள போகலன்னு அர்த்தம். அந்த மாத்திரை போனா செவப்பாத்தான் போகும்னு மொதல்லயே சொன்னேனே."

"டம்ளர் காலியாத்தான் இருக்கு. நானே பாக்குறேன்."

"அப்ப யாரோ மாத்துறாங்க, இல்ல அவரே துப்புறாரு. இன்னும் தெரியாமத்தான் குடுக்குறியா? அது தப்பும்மா. அவர் நெஞ்சுல இருக்கிற காசநோய் அவருக்குத் தெரியாததா? சொல்லித்தான் குடுக்கணும்."

"சொல்லிக் குடுத்தப்ப மொத்தத்தையும் கொண்டுபோய் சூளையில போட்டாரு. பேக்கரியில தெரிஞ்சா மாவுல கைவைக்க விடமாட்டாங்கன்னு பயம். என் கையால மாத்திரைன்னா வேணாம், பிள்ளைங்க அம்மா குடுத்த மாதிரி பச்சிலைன்னா குடிக்கிறாரு. செவப்பாப் போறதுக்கு ஒரு காரணம் சொல்லணுமேன்னு செவப்புத் தண்டா ஒரு செடியத் தேடி எடுத்தேன்."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"வீட்ல பிள்ளை இருக்கில்ல?"

"தனியாப் படுக்க வச்சிருக்கேன். ஜன்னலத் திறந்தே வைக்கிறேன். அதுக்கு என் மேல கோபம்."

அக்கா, நான் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் ஒட்டியிருந்த படத்தில் கூட அதே செங்கல் நிற மாத்திரைதான் இருந்தது.

அந்த அம்மா கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இந்த மாத்திரைய நடுவுல விட்டா, நோய் அதுக்குப் பழகிடும். அப்புறம் இதுக்குக் கட்டுப்படாது. எத்தனை நாளா உள்ள போகலங்கறது சரியாத் தெரிஞ்சாத்தான் டாக்டர் என்ன பண்றதுன்னு பாக்க முடியும். நாளைக்குக் காலையில அவரக் கூட்டிட்டு வா. வரலன்னா நானே பேக்கரி வாசலுக்கு வருவேன்." சித்தி, "வேணாம்மா, நானே எப்படியாவது கூட்டிட்டு வரேன்" என்று கும்பிட்டாள்.

எத்தனை நாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சித்திக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால், அவரே துப்பினார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்பா சத்தியம் செய்வார், யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் தப்பான கணக்கை வைத்து மருந்து கொடுப்பார்.

அம்மாவின் செடி பொய் இல்லை அக்கா. இருமல் இளகத்தான் செய்தது. நாம்தான் அதை இருமலுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, இருமலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. செடியின் பெயரும் குணமும் கேட்ட அம்மா, ஆளைப் பார்க்கவும் சொல்லித்தானே கொடுத்தாள்? நாக்கைப் பார்ப்பாள், கண்ணை இழுத்துப் பார்ப்பாள், ராத்திரி வேர்க்கிறதா என்று கேட்பாள். அதன் பிறகுதான் செடியைத் தேடிப் போவாள். நான் நேராகப் புதருக்குப் போனேன். சித்திக்கு ஒரு செடியின் பெயரும் தெரியாது. ஆனால் அவள்தான் ஆளைப் பார்த்தாள்.

சித்தி செய்ததும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் ஒருவருக்கு மருந்து கொடுக்கலாமா? தெரியாமல் கொட்டலாமா? ராத்திரியானால் இந்த வீட்டில் எல்லோரும் அந்த ஒரு டம்ளரைச் சுற்றியே நடமாடுகிறோம். அதைக் குடிக்கிறவர் மட்டும் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறார். நாளைக்கு அப்பாவிடமும் சொல்லவேண்டும். அவர் என்னை அடிக்கட்டும், பேசாமல் இருக்கட்டும். உன்னிடம் இருப்பது போல என்னிடமும் காலத்துக்கும் பேசாமலே இருந்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

உன் மேல் பழி போடமாட்டேன். ஊற்றியது என் கை. ஆனால் நீ சனிக்கிழமை வா. அந்த ஆள் இல்லாமல், அந்தச் சட்டையோடு மட்டும் வா. நீ சொல்லிக்கொடுத்ததை நீயே சொல். சித்தி முகத்தைப் பார்த்துச் சொல். அவள் உன்னைத் திட்டுவாளா என்று தெரியாது. என் விரலில் அவள் கட்டிய பச்சிலைக் கட்டு இன்னும் இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, அவிழ்க்க மனம் வரவில்லை. அவளுக்கு நாம் வைத்த பெயரை இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

இன்றைய டம்ளர் ஜன்னலோரம் மூடியபடி இருக்கிறது. நான் தொடவில்லை. என் இலைகளை எல்லாம் வாய்க்காலில் போட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தில் யாருக்கும் காட்டாதே என்று எழுதினேன். இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. சிரிப்புக்காரிக்குக் காட்டு, மேற்பார்வையாளர் அம்மாளுக்கும் அவர் தம்பிக்கும் காட்டு. கிழிக்காதே. உனக்கு அனுப்புமுன் நானும் ஒருவருக்குக் காட்டப் போகிறேன். எழுதி முடித்ததும் எழுந்து போய் அவளை எழுப்பவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. "சித்தி, பூனை இல்ல" என்று ஆரம்பிக்கலாமா?

சமையலறையில் சத்தம். தட்டை எடுத்துவிட்டு டம்ளரை மோந்து பார்க்கிறாள் போலிருக்கிறது. இல்லை, இங்கேதான் வருகிறாள். கைவிளக்கின் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்திருக்கும்.

கதவு தட்டுகிறாள்.

"இன்னும் தூங்கலையா? கொஞ்சம் திற, கண்ணு."

அக்கா, எழுந்துவிட்டேன், கடிதம் கையில்தான் இருக்கிறது, திறக்கப் போகி